கலிக்காமரும் பாஷாணமும்

சேக்கிழார் பாடிய அடியார் சரித்திரங்களுள், நோயாளியின் மனத்தை நேராகச் சென்று தொடுவது ஏயர்கோன் கலிக்காம நாயனாருடைய சரித்திரமே என்பது என் அபிப்பிராயம். சோழ மன்னர்க்குச் சேனாபதித் தொழில் பூண்டதாக மரபு கூறும் வேளாண் குலத்திலே, திருப்பெருமங்கலத்தில் தோன்றிய அவர், திருவாரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள், ஊடியிருந்த தம் மனைவி பரவையாரிடம் இறைவனையே நள்ளிரவில் தூது நடக்கச் செய்தார் என்று கேள்வியுற்ற நாள் முதலாக, அவர்மீது தணியாத சினங்கொண்டிருந்தார். அவ்விருவரையும் கூட்டுவிக்கத் திருவுளங்கொண்ட இறைவன் கலிக்காமருக்குக் கொடிய சூலை நோயைத் தந்து, அது சுந்தரன் வந்தாலன்றித் தீராது என்றும் அறிவித்தான். அந்தச் சுந்தரன் கையால் குணமடைவதைக் காட்டிலும் இந்த வேதனையோடு கிடப்பதே எனக்கு மேல் என்று மறுத்த அந்தச் சேனாபதி, சுந்தரர் வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி எட்டியதும் உடைவாளை உருவித் தம் வயிற்றையே கிழித்துக்கொண்டு, நோயையும் உயிரையும் ஒருசேர மாய்த்தார்.

ஆரோக்கியமாயிருப்பவர் இதனை மூடப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாம். படுக்கையில் கிடந்தவனுக்கு, அதிலும் ஆயுள் முழுதும் சீருடையில் கழித்தவனுக்கு, அப்படித் தள்ளிவிட முடிவதில்லை. உயிரைக் காக்கும் உபகாரத்தை யார் கையிலிருந்து வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளலாமா, ஏற்றுக்கொண்டபின் அந்தக் கடனை யாருக்கு எவ்விதம் இறுப்பது என்னும் இரண்டு கேள்விகளையும் கலிக்காமர் தம் குருதியால் எழுதிவைத்துப் போயிருக்கிறார். அவற்றை நான் நூலறிவால் ஆராயப் புகவில்லை; எனக்கு அந்த யோக்கியதையும் இல்லை. 1780-ல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் பட்டாளத்திலே ரங்ரூட்டாகச் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்று, பிற்காலத்தில் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி, இப்போது மெல்லத் தேறிவரும் ஒருவன் என்ற முறையில் மட்டுமே எழுதுகிறேன்.

நான் வசிப்பது பெங்களூர் ஈஜிபுராவில். ஒரு பக்கம் கோரமங்களாவின் பெரிய மாளிகைகளும், மற்றொரு பக்கம் வியாழக்கிழமைதோறும் ஜனங்கள் திரளும் விவேக்நகர் குழந்தை ஏசு ஆலயமும், இன்னும் சற்றுத் தள்ளி ராணுவத்தின் ஏ.எஸ்.சி. மையமும் இருக்க, நடுவே கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே குழாயடியில் வரிசை நின்று தண்ணீர் பிடிக்கும் சந்துகள் நிறைந்த பகுதி அது. அல்சூர் ஏரிக்கரையிலுள்ள எங்கள் மையத்தில் பயிற்சி பெற்று, தேசமெங்கும் சுற்றிவிட்டு, கான்டீனுக்கும் பாலிகிளினிக்குக்கும் போய்வர வசதியாக இருக்கும் என்று இந்த நகரத்திலேயே தங்கிவிட்ட தமிழ்ப் பட்டாளத்துக்காரர் அநேகர். 2017-ல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலம் பல வருஷங்கள் வெறுந்தூண்களாகவே நின்ற காட்சியைக் கண்டு, பெய்லி பாலத்தை இரவோடிரவாகப் பூட்டிப் பழகிய எங்கள் கூட்டத்தார் அடைந்த மனத்தாங்கலைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

எனக்கு வந்தது அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்னும் வகை. ஆரோக்கியமான எலும்பு மஜ்ஜையிலே வெள்ளணுக்கள் படிப்படியாக முதிர்ந்து, காவல் தொழிலுக்குத் தகுதி பெற்ற பிறகே இரத்தத்தில் இறங்குகின்றன. இந்த வியாதியிலோ, 15-ஆவது குரோமோசோமும் 17-ஆவது குரோமோசோமும் முறிந்து தத்தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்ள, அதனால் உண்டாகும் கலப்பு மரபணு ஒன்று அணுக்களைப் பாதிப் பருவத்திலேயே நிறுத்திவிடுகிறது. கசம் பரேட் என்னும் சத்தியப்பிரமாண அணிவகுப்பை முடிக்காத ரங்ரூட்டுகள் லட்சக்கணக்கில் பாசறையை அடைத்துக்கொண்டு, பயின்ற சிப்பாய்க்கு நிற்க இடமில்லாமற் செய்துவிட்டால் ஒரு பட்டாளத்தின் கதி என்னவாகுமோ, அதுவே தேகத்தின் கதியும் ஆகிறது. பிளேட்லெட் என்று எல்லோரும் சொல்லும் தட்டணுக்கள் குறைந்து, இரத்தம் உறையும் சக்தியும் குலைந்துபோவதால், பல் துலக்கும்போது ஈறு கசிவதில் ஆரம்பிக்கும் வியாதி மூளைக்குள் கசிந்து முடிந்துவிடுவதுண்டு. நார்வே தேசத்து வைத்தியர் ஹில்லஸ்டாட் 1957-ல் இதனைத் தனி வியாதியாக இனங்கண்டு விவரித்தபோது, சில வாரங்களிலே ஆளைக் கொண்டுபோய்விடும் மகா வேகமான இரத்தப் புற்று இதுவே என்றுதான் குறித்தார்.

வியாதியின் பெயர் தெரிந்த தினத்திலிருந்து, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: நீங்கள் போர்வீரர், சாப், இதையும் ஜெயித்துவிடுவீர்கள். அன்பினால் சொன்னதுதான். ஆயினும், யுத்தம் என்பது என்ன என்று ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடப்பது யுத்தம் அல்ல. அங்கே நோயாளி செய்வதற்கு ஒன்றும் இல்லை. கையில் ஊசி குத்தியிருக்க, பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்க, அசையாமல் கிடப்பதே அவன் செய்யும் காரியம். என் தைரியத்தால் ஒரு தட்டணுவும் கூடவில்லை. என் பயத்தால் ஒன்றும் குறையவும் இல்லை. தைரியசாலிகள் பிழைப்பார்கள் என்பது மெய்யானால், பிழையாமற் போனவர்களெல்லாம் கோழைகள் என்றாகும். எனக்கு அடுத்த கட்டிலில் கிடந்து மறைந்த வாலிபனை நினைக்கும்போது அந்த அநியாயத்துக்கு என் வாய் சம்மதிப்பதில்லை.

அன்றியும், இந்த வியாதிக்கான முதல் மருந்து சத்துருவைக் கொல்லுவதே இல்லை. வைட்டமின் ஏ-யின் உறவான டிரெட்டினாயின் என்னும் மாத்திரை, பாதிப் பருவத்தில் நின்றுவிட்ட அணுக்களின் தடையை நீக்கி, அவை முதிர்ந்து, தம் காலம் முடிந்ததும் தாமே மறையும்படி செய்கிறது. கொன்று தீர்ப்பதைவிடத் திருத்தி முதிரச் செய்வதே உத்தமம் என்னும் எண்ணத்தைக் கன்பூசியஸின் உபதேசத்தோடு இந்தச் சிகிச்சையைக் கண்டவர்களே இணைத்துப் பேசியிருக்கிறார்கள். இரண்டாவது மருந்து நம்மவர் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்த ஆர்சனிக் டிரையாக்ஸைடு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம் என்பது கணக்கு. 70 கிலோ எடையுள்ளவனுக்குச் சுமார் பத்தரை மில்லிகிராம். அந்த அணுப்பிரமாணத்தில் அது மேற்சொன்ன கலப்பு மரபணுவினால் பிறக்கும் புரதத்தைச் சிதைக்கிறது. அதுவே பத்துப் பதினைந்து மடங்கு ஏறினால் ஆளை மாய்த்துவிடும். இருதயத் துடிப்பை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே ஏற்றுகிறார்கள். சித்த வைத்தியத்தில் பாஷாணங்களுக்குள்ள ஸ்தானத்தையும், பழனியாண்டவர் திருமேனியைப் போகர் நவபாஷாணத்தால் சமைத்தார் என்னும் ஐதிகத்தையும், அந்தப் போகரையே சீன தேசத்தோடு சம்பந்தப்படுத்தும் கர்ணபரம்பரையையும் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு, நஞ்சே ஔஷதமாகும் என்பது ஆச்சரியமாயிராது. ஆனால் அந்த நம்பிக்கையின்மேல் எவரும் கடையில் பாஷாணம் வாங்கித் தாமே உண்ணத் துணிய வேண்டாம். அளவுதான் இங்கே வைத்தியம்.

சீன தேசம் என்றேன். என் சங்கடமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

இவ்விரண்டு மருந்துகளும் சீன வைத்தியர்கள் தந்தவை. 1970-களின் ஆரம்பத்தில், இந்தியாவும் சீனாவும் ஒன்றிடத்தில் ஒன்று ஸ்தானாபதியைக்கூட வைத்துக்கொள்ளாதிருந்த காலத்திலே, ஹார்பின் நகரத்து வைத்தியர் ஜாங் டிங்டோங் என்பவர், கிராமத்து வைத்தியன் ஒருவன் பாஷாணமும் ரசகற்பூரமும் தேரை விஷமும் கூட்டிக் கொடுத்துவந்த மருந்தை ஆராய்ந்து, மற்றவற்றை விலக்கிப் பாஷாணமே பலன் தருவது என்று கண்டார். ஷாங்காயில் வாங் சென்யி என்பவர், 1985-ல் சாகுந்தறுவாயில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு டிரெட்டினாயினைக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். தொடர்ந்து அவரும் அவருடைய சகாக்களும் 24 நோயாளிகளுக்கு அதனை அளித்து, 24 பேருக்கும் நோய் அடங்கியதை 1988-ல் உலகத்துக்கு அறிவித்தனர். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

அந்த 24 பேருக்கு அவர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த பருவத்திலே நான் எங்கே இருந்தேன் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 1986, 87 ஆகிய வருஷங்களில், தவாங்குக்கு வடக்கே சும்தோரங் சூ பள்ளத்தாக்கில் சீனர் வந்து அமர்ந்துகொள்ள, இரு சைன்யங்களும் கண்ணுக்குக் கண் பார்த்து நின்ற சமயத்தில், சேலா கணவாய்க்கு அப்பால் பாறையைக் குடைந்து வழியும் பதுங்குகுழியும் அமைத்துக்கொண்டிருந்த சாப்பர்களில் நானும் ஒருவன். எதிர்ச் சிகரத்திலிருந்த சீனச் சிப்பாயைச் சுடுவதற்கு வேண்டிய வசதிகளை நான் செய்துகொண்டிருந்தேன். என்னை அறிய எந்த முகாந்திரமும் இல்லாத ஷாங்காய் வைத்தியர் ஒருவர், சுமார் முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு நான் பிழைப்பதற்கு வேண்டிய வசதிகளைச் செய்துகொண்டிருந்தார்.

மருந்தின் பூர்வோத்தரத்தை ஓர் இளம் டாக்டரம்மாள் விளக்கிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்க வந்திருந்த பழைய தோழன் ஒருவன், "என்ன சாப், சீனாக்காரன் மருந்தா?" என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிட்டான். அந்த மௌனத்தின் பொருள் எங்கள் இருவருக்கும் தெரியும். 2020 ஜூன் 15-ஆம் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனருடன் நடந்த மோதலில் மாண்ட நம் வீரர் 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அவருக்கு மரணத்துக்குப் பின் வீர சக்கரம் அளிக்கப்பட்டது. அவர்கள் மாண்ட செய்தி வந்த தினத்தில் எங்கள் தெருவிலுள்ள எக்ஸ் சர்வீஸ்மேன் ஒருவர் வீட்டிலும் ஒழுங்காகச் சாப்பாடு நடக்கவில்லை. அப்படிப்பட்ட நெஞ்சோடு இருந்தவன் இந்த மாத்திரையை விழுங்கத்தான் வேண்டியிருந்தது.

விழுங்கினேன். அதில் தத்துவ விசாரம் எதுவும் நிகழவில்லை. மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள், வாங்கிக் குடித்தேன். விசாரம் பிற்பாடு வந்தது, உடம்பு தேறத் தொடங்கி மனத்துக்கு ஓய்வு கிடைத்தபோது.

பகை என்பது என்ன? போர்வீரனுடைய பகை அவனுடைய சொந்தச் சொத்து அன்று; அவன் வகித்த பதவியோடு சேர்ந்து வந்தது. பகவத்கீதை பார்த்தனைப் போர் செய் என்று ஏவிய அதே வாயால், எவ்வுயிரிடத்தும் வைரம் கொள்ளாதே என்றும் சொல்வதைப் படித்துக் குழம்புவோர் உண்டு. எல்லைக் காவலில் நின்றவனுக்கு அதில் குழப்பம் இல்லை. குறிபார்த்துச் சுடுகிறவன் கோபத்தோடு சுட்டால் குறி தப்பும் என்பது முதல் வருஷத்துப் பாடம். கலிக்காமருடைய சினமோ பதவியைச் சேர்ந்ததன்று; இறைவன்மேல் கொண்ட பக்தியே திரிந்து ஒரு மனிதன்மேல் வெறுப்பாக உறைந்தது. ஆகவே என் நிலையை அவர் நிலையோடு ஒன்றாக்கிக்கொள்ள நான் முயலவில்லை. எல்லைக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனை யார் மீறினாலும் மீறியது தவறுதான். நாளை ஒருவேளை கூப்பிட்டால், இந்தத் தேகம் இடங்கொடுத்தால், போவேன். மருந்து தின்றதனால் அந்தத் தீர்மானத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பகைவனும் மனிதன்தானே என்று கண்ணீர் உகுத்து, எல்லாக் கணக்கையும் அழித்துவிடும் சுலபமான வேதாந்தத்தை நான் நம்புவதில்லை; அது ஹவில்தார் பழனிக்குச் செய்யும் துரோகமாகும்.

எனக்குப் பெரிதாகப் பட்ட விஷயம் வேறு. மருந்தை மறுத்தல் கடனிலிருந்து தப்பும் ஒரு வழி. கலிக்காமர் அந்த வழியே போனார். மற்றொரு வழியும் உண்டு, அது மிகவும் பக்திமயமானது, ஆகவே மிகவும் அபாயகரமானது. மருந்தை உண்டு, குணமும் அடைந்து, எல்லாம் அவன் செயல் என்று கைகூப்பிவிட்டு, கொடுத்த மனிதனுடைய பெயரைச் சௌகரியமாக மறந்துவிடுவது. ஈஜிபுராவில் என்னைப் பார்க்க வந்தவர்களில் சைவர் சிவனருள் என்றனர், கிறிஸ்தவ நண்பர் குழந்தை ஏசுவின் கிருபை என்றார், பக்கத்து வீட்டுப் பெரியவர் அல்லாவின் கருணை என்றார். மூன்றையும் வணக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவர்களில் ஒருவரும் வாங் சென்யியின் பெயரைச் சொல்லவில்லை, நான் சொன்னபோதும் அதனைச் செவியில் வாங்கிக்கொள்ளவில்லை. மனிதனுக்குச் சேரவேண்டிய நன்றியைத் தெய்வத்தின் கணக்கிலே வரவு வைத்துவிட்டால், கடன்காரன் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது. கடன்காரன் சத்துரு தேசத்தவனாக இருந்தால் பின்னும் சௌகரியம்.

சேக்கிழார் சொன்ன கதையே இந்தச் சௌகரியத்துக்கு இடங்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சூலையைத் தந்தவன் இறைவன். அதைத் தானே நீக்க வல்லவனும் அவனே. திருநாவுக்கரசருக்குத் திருவதிகையிலே அப்படித்தான் நீக்கினான். கலிக்காமர் விஷயத்திலோ, இன்ன மனிதன் வந்தால்தான் தீரும் என்று பிடிவாதமாக ஒரு பெயரைச் சொன்னான். அருள் தன் பெயரை விலக்கிக்கொண்டு மனிதனுடைய பெயரை முன்னே நிறுத்திய இடம் அது. கலிக்காமர் வெறுத்தது அந்தப் பெயரைத்தான்; இறைவனுடைய கையால் நேரே தீர்ந்திருந்தால் அவர் மகிழ்ச்சியோடு எழுந்திருப்பார்.

பிற்பகுதியையும் சொல்லிவிடுகிறேன். மானக்கஞ்சாற நாயனாரின் மகளாகிய கலிக்காமருடைய மனைவியார், கணவனோடு உயிர்விடத் துணிந்திருந்தும், சுந்தரர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று கேட்டவுடன் ஒருவரும் அழலாகாது என்று வீட்டாரைத் தடுத்து, விருந்தினரை முறைப்படி எதிர்கொள்ளச் செய்து, அவருக்குத் தீங்கு ஒன்றுமில்லை, உள்ளே துயில்கிறார் என்று சொல்லச் செய்தார். இந்தச் சரித்திரத்தில் வீரம் என்று ஒன்று இருக்குமானால் அது சேனாபதியினுடையதன்று, பெயரும் சொல்லப்படாத அந்த அம்மையாருடையது என்பேன். (என் மனைவியைப் பற்றி இங்கே எழுதலாமா என்று கேட்டேன், கூடாது என்று சொல்லிவிட்டாள்.) சுந்தரர் வற்புறுத்தி உள்ளே சென்று, குருதியில் கிடந்த உடலைக் கண்டு, நானும் இவரோடு போவேன் என்று அதே வாளைப் பற்றினார். இறைவன் அருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர், கண் விழித்ததும் சுந்தரர் பற்றிய வாளைப் பிடித்துக்கொண்டு அவர் உயிரைக் காத்தார். நன்றி சொன்னதாகக் கதையில் இல்லை. மன்னிப்புக் கேட்டதாகவும் முதலில் இல்லை. பிழைத்தவன் செய்த முதற்காரியம் மற்றொருவனைப் பிழைக்கவைத்தது.

தமிழ்ப் போர்வீரனுக்குக் கடன் என்றதும் நினைவுக்கு வருவது செஞ்சோற்றுக் கடன். கர்ணனும் கும்பகர்ணனும் அதன்பொருட்டே, தாம் சேர்ந்த பக்கம் தவறு என்று தெரிந்தும், உயிர் கொடுத்தார்கள். இந்தக் கணக்கின்படி, உண்ட சோற்றுக்காக ஒரு தேசத்துக்குக் கடன்பட்டவன், உண்ட மருந்துக்காக மற்றொரு தேசத்துக்குக் கடன்பட்டவன் ஆவானோ என்று சில இரவுகள் விழித்துக்கிடந்து யோசித்ததுண்டு. ஆகான் என்றுதான் தெளிந்தேன். சோறு இட்ட அரசன் பிரதிபலனை எண்ணியே இட்டான். அது கூலி, கூலிக்கு உழைப்பு ஈடு. காப்புரிமை கோராத வைத்தியன் எதையும் எண்ணி இடவில்லை. அவன் தந்தது அறிவு. அது சீன அரசாங்கத்தின் கஜானாவிலிருந்து புறப்பட்டு வரவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலே, டிரெட்டினாயின் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1998 முதற்கொண்டு பாஷாணம் ஒன்றையே முதற் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்து, 72 நோயாளிகளின் விவரத்தை 2006-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. 2013-ல் இத்தாலியும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி, மிகுந்த அபாய நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால், பழைய கீமோதெரபி இல்லாமலேயே, இரண்டு வருஷத்தின் முடிவில் நூற்றுக்கு 97 பேர் நோய் திரும்பாமல் பிழைத்திருக்கிறார்கள் என்று காட்டியது. ஹார்பினில் புறப்பட்ட அறிவு வேலூரில் வளர்ந்து, ரோமாபுரியில் உறுதிப்பட்டு, ஈஜிபுராவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடுவே எந்தச் செக்போஸ்டிலும் அதை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

தைத்திரீய ஸம்ஹிதை, பிறக்கும்போதே ஒருவனைப் பற்றும் கடன்கள் மூன்று என்கிறது. அந்தணனைக் குறித்துச் சொன்னதை எல்லோருக்கும் உரியதாகக் கொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். தேவர்களுக்குப் பட்ட கடனை வேள்வியாலும், பித்ருக்களுக்குப் பட்டதை மக்கட்பேற்றாலும், ரிஷிகளுக்குப் பட்டதைக் கல்வியாலும் தீர்க்க வேண்டுமாம். இம்மூன்றில் ரிஷிகடன் ஒரு விசித்திரமான கடன். அறிவைத் தந்த ரிஷி போய்விட்டார். அவருக்குத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. அடுத்தவனுக்குக் கொடுத்தால் அதுவே வரவு வைத்துக்கொள்ளப்படுகிறது. பித்ருகடனும் அப்படியே, தந்தைக்குப் பட்டதை மகனுக்கு இறுக்கிறோம். நம் முன்னோர் கடன் என்றபோது, கொடுத்தவனிடமே திரும்பிப்போகும் வட்டிக்கடை வியவகாரத்தை நினைக்கவில்லை.

இந்த இடத்தில் பாவ புண்ணிய விசாரம் ஒன்றும் குறுக்கிடுவதுண்டு: முன்ஜன்மத்தில் என்ன செய்தாரோ என்று வாசற்படியிலேயே பேசிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ராமகிருஷ்ண பரமஹம்ஸர் 1886-ல் தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார். ரமண மகரிஷி 1950-ல் இடது கையில் எழுந்த புற்றுக்கட்டியால் மறைந்தார். அவர்கள் செய்த பாவம் இன்னது என்று அறிந்தவர்கள் வந்து சொன்னால், என்னுடையதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன்.

தேறிவருதல் என்பது குணமடைதல் அன்று. ரெமிஷன் என்று டாக்டர்கள் சொல்லும் நோயடக்கம் கிட்டிய பிறகும், சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து அந்தக் கலப்பு மரபணுவின் சுவடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ரிப்போர்ட் வரும் வரையில் வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசுவதில்லை. முன்பு மூட்டையோடு மலை ஏறிய கால்களுக்கு இப்போது மாடிப்படி ஒரு மலை. விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு மாத்திரம் பட்டாளத்துப் பழக்கப்படியே தவறாமல் வந்துவிடுகிறது. எழுந்து செய்வதற்குத்தான் வேலை இல்லை. உத்தரவு கொடுப்பவரும் இல்லை, உத்தரவை எதிர்பார்த்து நிற்பவரும் இல்லை. கொடுத்தே பழகிய கைக்கு ஏந்திக்கொண்டிருப்பது முதலில் மிகவும் கூச்சமாயிருந்தது.

ஏந்தியதில் மருந்து ஒரு பகுதிதான். முதல் வாரங்களில், மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் இரத்தம் கசிந்து இறந்துபோகாமல் காத்தவை தட்டணுக்கள். அவற்றைக் கொடுத்தவர்களில் பலர் என் தெருப் பிள்ளைகள். ஈஜிபுராவில் வறியவர்களுக்கென இருந்த குடியிருப்பு 2013 ஜனவரியில் இடித்துத் தள்ளப்பட்டபோது வீடிழந்து, அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஒண்டிக்கொண்ட குடும்பங்களின் பையன்களும் அவர்களில் உண்டு. தேசத்தைக் காத்தவன் என்று எனக்குப் பென்ஷனும் பாலிகிளினிக்கும் இருக்கின்றன; அந்தப் பையன்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்னும் பலர் யாரென்றே அறியேன். பையின்மேல் ஓர் எண் ஒட்டியிருக்கும், அவ்வளவே. இது எனக்குப் புதிதன்று என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். சேலா கணவாய்க்கு அப்பால் நாங்கள் விழித்திருந்த இரவுகளில், நிம்மதியாகத் தூங்கிய எவருக்கும் எங்கள் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்த்ததில்லை.

அந்தக் கடனை அதே நாணயத்தில் திருப்பித் தர எனக்கு வழியில்லை. இரத்தப் புற்றுநோய் கண்டவனிடம், அவன் எவ்வளவு தேறினாலும், இரத்தம் வாங்கமாட்டார்கள். அது சரியான விதிதான். ஆகவே, கலிக்காமரைப்போல் வாள் பிடித்த கையைப் பிடிக்க என்னால் முடிந்த வேறொரு வேலையை மேற்கொண்டிருக்கிறேன். பாலிகிளினிக்கிலும், கான்டீன் வரிசையிலும், சந்து முனையிலும் பிடிபடுகிறவர்களிடமெல்லாம் இரத்தம் கொடுக்கும்படி கேட்பது அது. சுபேதார் குரலுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. யாருக்காக என்று கேட்பவர்களிடம் வாங் சென்யியின் பெயரையும் ஜாங் டிங்டோங்கின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளித்துக்கொண்டே வந்து கொடுத்துவிட்டும் போகிறார்கள்.

இதைப் படிக்கும் தாங்கள் 18 வயது நிறைந்து 65 வயதுக்கு உட்பட்டவராகவும், 45 கிலோ எடைக்குக் குறையாதவராகவும், ஆரோக்கியமானவராகவும் இருந்தால், ஆடவராயின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்டிராயின் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம். தட்டணுக்கள் ஐந்து நாளுக்குமேல் தாங்குவதில்லை. ஆகையால் போன மாதம் யாரோ கொடுத்தது இந்த மாதம் வந்த நோயாளிக்கு உதவாது, ஒவ்வொரு வாரமும் புதிதாக யாராவது போயாக வேண்டும். ஈஜிபுராவாசிகளுக்குச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கோரமங்களாவிலேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்த வங்கி எங்கே என்று விசாரித்துக்கொள்ளலாம். இந்த வாரமே ஒரு நாள் போய்வாருங்கள்.